சுவர் ஏன் உப்புக் கரிக்கிறது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா 1938-இல் கட்டிய வீட்டை நாங்கள் இரண்டு முறை புதுப்பித்தோம். முதல் முறை செய்ததைச் சரிசெய்யத்தான் இரண்டாவது முறை. பழைய வீட்டில் கைவைக்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது செலவு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். "பழைய சுண்ணாம்பு சார், செத்துப்போச்சு. கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம். வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசினா அம்பது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். பூசினோம். அதன் மேல் பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷன் பெயிண்டும் அடித்தோம். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது அதே சுவரில் பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தது. இந்த முறை மூன்றடியில் அல்ல, ஐந்தடியில்.

அப்புறம்தான் வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் போய் அழைத்து வந்தேன். அவர் கொப்புளத்தை நகத்தால் கிள்ளினார். பஞ்சு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், என்னையும் வைக்கச் சொன்னார். கரித்தது. "மேலேருந்து ஒழுகினா திட்டுத் திட்டாக் கறை இருக்கும் தம்பி. இது கீழேருந்து வரிசையா ஏறுது, மண்ணுல இருக்கிற உப்பையும் தூக்கிட்டு வருது. நீங்க வாசலை அடைச்சுட்டீங்க, அது மாடி ஏறிடுச்சு" என்றார். நாங்கள் கொட்டிய பணத்துக்கு அவர் எழுதிய தீர்ப்பு அவ்வளவுதான்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய வீடுகளில் காசு விரயமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செங்கல்லுக்குள் நுண்துளைகள் உண்டு. திரி எண்ணெயை இழுப்பதுபோல அது மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம். இன்றைய வீடுகளில் அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், ஈரம் ஏறாமலிருக்க ஒரு கான்கிரீட் பட்டை ஓடும். தாத்தா காலத்து வீட்டில் அது கிடையாது. ஓதம் ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஏறிய ஈரம் பூச்சு வழியே ஆவியாகி வெளியே போய்விடுவதால் ஒரு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. உப்பு காரையின் மேல் பூத்து, காரையை உதிர்க்கும். காரை உதிர்ந்தாலும் செங்கல் தப்பிவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த மூன்றடியை மட்டும் பூசி வெள்ளையடித்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தது வெறும் அழகுக்கு இல்லை.

சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது, அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் ஒரு பிளாஸ்டிக் தோல். இரண்டும் சேர்ந்து சுவரை மூடிவிட்டால், ஏறிய ஈரத்துக்கு வழியில்லை. வழி கிடைக்கும் உயரம் வரை ஏறும். உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகி, இரண்டையும் பிளக்கும். சிமெண்ட்டைக் குறை சொல்லவில்லை. 1904-இலேயே சென்னையில் சிமெண்ட் தயாரிக்க முயன்றிருக்கிறார்கள், அதுவும் கிளிஞ்சலிலிருந்து. அது நல்ல பொருள். சிமெண்ட்டால் கட்டிய வீட்டுக்கு. சுண்ணாம்பால் கட்டிய சுவருக்கு அது ஒட்டாத மருமகள்.

திருத்திய விதம் இது. ஓதம் தெரிந்த உயரத்துக்கு மேலும் ஓரடி சேர்த்து சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். செங்கல்லின் மேல் பூத்திருந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். பிறகு காய விட்டோம். ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எங்கள் சுவர் 14 அங்குலம். அத்தனை காலம் யாரால் காத்திருக்க முடியும்? மாசியிலிருந்து ஆனி வரை, வெயில் காலம் முழுக்க, கூடத்தை மொட்டைச் செங்கல்லாகவே வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "காசு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்கள்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த கலவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டுதான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கமும் புதுச்சேரியிலும் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள், தினக்கூலிக்கு விடுங்கள். சதுர அடிக்குப் பேசினால் வேகம் வரும், வேகம் வந்தால் சிமெண்ட் ஒரு கரண்டி கலவையில் விழும்.

பூச்சை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்த ஈரம் எங்கிருந்து அத்தனை வந்தது? கொத்தனார் அண்ணன் என்னை வெளியே அழைத்துப் போய் மூன்று இடங்களைக் காட்டினார்.

ஒன்று, தெரு. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வாசலுக்கு நான்கு படி. இப்போது ஒன்றரை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் தார் வண்டி வந்து நிற்கும் அன்று இதைச் சொல்லிக் கேட்கலாம். போட்டு முடித்தபின் கேட்டுப் பயனில்லை. ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கித் தருகிறவர்களும் இப்போது உண்டு. நாங்களும் விசாரித்தோம். சுண்ணாம்புக் கட்டுமானத்தில் விரிசல் விடலாம் என்று பொறியாளர் தயங்கினார், விட்டுவிட்டோம். அதற்குப் பதில் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டித் தாழ்த்தி, சரளைக்கல் நிரப்பி, மழைத் தண்ணீர் வேறு பக்கம் ஓட வாட்டம் கொடுத்தோம்.

இரண்டு, நாங்களே செய்த வினை. புல் முளைக்கிறது, சேறாகிறது என்று முதல் முறை வீட்டைச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டிருந்தோம். அதுவரை மண் வழியே மேலே போய்க்கொண்டிருந்த ஈரத்துக்கு, தளம் போட்டதும் சுவர் ஒன்றுதான் வழி. சுவரோரத் தளத்தை இடித்தோம். போடும்போது ஒரு செலவு, இடிக்கும்போது ஒரு செலவு.

மூன்றாவது, கூரை. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டு சரிவுகள் கூடும் இடத்தில் தகரப் பீலி இருக்கும். எல்லாத் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்து இறங்கும். தென்மேற்கு மூலைப் பீலி துருப்பிடித்து, கீழிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு ஓட்டை. ஓடுகளை எடுத்துப் பார்த்தபோது கைமரத்தின் நுனியில் ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த நுனிகளை மட்டும் வெட்டி, பழைய தேக்கிலேயே துண்டு போட்டு இணைத்தார் ஆசாரி. ஓடுகள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஆரம்பித்த ஓட்டாலையைப் பார்த்து அங்கே அடுத்தடுத்து எழுந்த ஆலைகளின் சரக்கு. ஓட்டின் முதுகில் மங்களூர் என்ற ஆங்கில எழுத்துகள் இன்னமும் மழுங்கவில்லை. இந்தப் பழைய ஓடுகளை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உடைந்ததற்கு ஈடு அதே அச்சில் இன்றைக்குக் கிடைப்பது சிரமம்.

"எதுக்கு இந்த வம்பு? ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாமே" என்று சொல்லாத ஆள் இல்லை. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய மூன்று டன் எடை வரும். ஓட்டுக்கூரை மரத்தோடு சேர்த்தே அதில் கால்வாசிகூட வராது. அந்த எடைக்காகக் கட்டாத அஸ்திவாரத்தின் மேல் அதை ஏற்றினால், விரிசல் விழுந்த பிறகுதான் விடை கிடைக்கும். ஏற்ற வேண்டுமானால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் குழி தோண்டி அஸ்திவாரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரியின் வாய்ச்சொல் போதாது. சுவரை இடித்து அடுக்களையையும் கூடத்தையும் ஒன்றாக்குவதற்கும் இதேதான் விதி. பழைய வீட்டில் தூண்கள் வெறும் தாழ்வாரத்துக்குத்தான், பாரம் தாங்குவது சுவர்கள். எந்தச் சுவரின் மேல் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல் கடப்பாரையைத் தொடக் கூடாது.

ஈரத்தோடு கூடவே வருவது கறையான். சுவரில் மண் கோடு ஏறினால் அதைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் அடிப்பது பாட்டி காலத்து வைத்தியம், ஒரு மாதம் தாங்கும். முறையான சிகிச்சை என்றால், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். தரை ஓடு புதிதாகப் பதிக்கப் போகிறீர்கள் என்றால் பதிப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள். பதித்த பிறகு துளை போடக் கை வராது.

இத்தனைக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது ஒன்று. நாங்கள் செய்யவில்லை. காகிதம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியும் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. நான் செலவு செய்கிறேன், தம்பி பாதி தருகிறான், அக்கா "எனக்கு எதுக்கு, நீங்க பாத்துக்குங்க" என்றார். வாய்ப்பேச்சு. இந்துக் குடும்பங்களில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லாமல் போனால், அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இது 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுக்க 2005-இலும் வந்தது. அக்கா வேண்டாம் என்றால் அது விடுதலைப் பத்திரமாகப் பதிவாக வேண்டும், வேண்டும் என்றால் பாகப்பிரிவினை எழுத வேண்டும். சண்டையே இல்லாத எங்கள் வீட்டிலும், முதல் முறை செலவழித்த பணம் யார் கணக்கு என்ற கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைக் கெடுத்தது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம், மின் இணைப்பில் பெயர் மாற்றம் எல்லாம் முடித்துவிட்டுச் செங்கல்லைத் தொடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதுதான் இதையெல்லாம் எழுத முடியும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. மரப்பட்டையின் மேல் ஓடிய பழைய வயர்களை முழுக்க எடுத்துவிட்டோம். மின்பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அந்தப் பதினாறுக்கு மேல் போனால்தான் அது விழும். மனித உடம்புக்கு அதில் நூறில் ஒரு பங்கே உயிருக்கு ஆபத்து. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. எனும் வேறொரு கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் சிமிட்டுவதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஓதம் ஏறும் சுவருள்ள வீட்டில் இது இல்லாமல் இருக்கக் கூடாது. எர்த் குழியையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் குழியில் கம்பி துருப்பிடித்துப் பாதியிலேயே அறுந்திருந்தது. எத்தனை வருடம் எர்த் இல்லாமலே கிரைண்டர் ஓடியதோ!

குழாய்களுக்கும் ஒரு வார்த்தை. சுவருக்குள் குழாயும் வயரும் புதைத்து மூடுவதற்கு முன்னால், டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டோம். இரண்டு வருடம் கழித்து ஓர் அலமாரி மாட்டத் துளை போட வேண்டியிருந்தபோது அந்தப் படம்தான் குழாயைக் காப்பாற்றியது. குளியலறைத் தரையில் டைல்ஸ் பதிப்பதற்கு முன், வடிகாலை அடைத்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழே, பக்கத்துச் சுவரில் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். மேஸ்திரி "தேவையில்ல சார்" என்பார். தேவை.

அந்தக் குளியலறையில்தான் அம்மா ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். வாசலில் இருந்த அரையடிப் படியை எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். நாங்கள் டைல்ஸின் நிறத்துக்கு மூன்று கடை ஏறி இறங்கியிருந்தோம், இது யாருக்கும் தோன்றவில்லை. கம்பியை மாட்ட வேண்டிய உயரத்தை அம்மாவையே நிற்க வைத்து, அவர் கை போகும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டோம்.

பழைய கதவுகளில் ஓர் எச்சரிக்கை. தேக்குக் கதவுகளின் மேல் எத்தனையோ அடுக்குப் பெயிண்ட். அதைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவர எல்லோருக்கும் ஆசை, எனக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும் விஷம். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், வேலை முடியும்வரை குழந்தைகள் வேறு வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் கதவுகளை ஆசாரி தோட்டத்து மரத்தடிக்கு எடுத்துப்போய், கீழே பாய்போல் பிளாஸ்டிக் விரித்துச் செய்தார்.

பணத்தைப் பற்றி யாரிடமும் கேட்டுப் பயனில்லை, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கதை. எங்கள் அனுபவத்தில், போட்ட கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாயிற்று. கூடியது எல்லாமே சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும், போட்டோவில் தெரியாத இடங்களில். வாய்த் தகராறு வந்தது ஒரே இடத்தில்: முதல் முறை சிமெண்ட் பூச்சு வேலையை அளந்தபோது கதவு, ஜன்னல் இடங்களைக் கழிக்க வேண்டுமா, கூடாதா? முன்பே பேசியிருக்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. முன்பணத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள், வேலை நடந்த அளவுக்கு வாரக் கடைசியில் தீர்த்துவிடுங்கள். கூலியைத் தள்ளிப்போட்டு வேலை வாங்க நினைத்தால், சனிக்கிழமை போனவர்கள் திங்கள்கிழமை வேறு வீட்டில் சாரம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எப்போது தொடங்குவது? டெல்டாவில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கூரையைப் பிரிக்கும் வேலையைத் தையில் தொடங்கிச் சித்திரைக்குள் மூடிவிட வேண்டும். சுவர் காய்வதற்கும் அந்த வெயில்தான் வேண்டும். ஆனால் வீட்டை ஆராய வேண்டிய காலம் அது அல்ல. வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசியில் அடைமழை பிடிக்கும் ஒரு நாள், மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், குடையும் போனுமாக உங்கள் வீட்டை ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்தது எங்கே தேங்குகிறது, தேங்கியது எந்தச் சுவரைத் தொடுகிறது என்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தையில் வேலை பேசும்போது அந்தப் படங்களை முதலில் காட்டுங்கள்.